எக்ஸ்ரே சீட்டு: நர்ஸ் என்ன கேட்க வேண்டும், நாம் என்ன சொல்ல வேண்டும்

நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக்கு வரும் விண்ணப்பங்களை மாதம் ஒருமுறை குழுவாக உட்கார்ந்து பார்க்கிறோம். பில்களைத் தேதி வாரியாக அடுக்கும்போது அடிக்கடி கண்ணில் படுவது ஒன்று உண்டு. ஒரே முழங்காலுக்கு இரண்டு மாதத்தில் மூன்று படம். முதல் படத்தை வீட்டில் எங்கேயோ வைத்துவிட்டார்கள். இரண்டாவது வலது காலுக்குப் பதில் இடது காலில் எடுக்கப்பட்டது. மூன்றாவது புதிதாகப் போன டாக்டர் கேட்டது. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மூன்று தடவையும் உடம்பு வாங்கிய கதிர்வீச்சைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

இன்னொரு பக்கம், ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது சிலர் என்னை நிறுத்திக் கேட்பதும் உண்டு. "டாக்டர் சாயங்காலம்தான் வர்றாரு. புள்ள விழுந்து மணிக்கட்டு வீங்கிக் கிடக்கு. சிஸ்டரே ஒரு எக்ஸ்ரே சீட்டு எழுதிக் கொடுத்தா என்ன?" நியாயமான கேள்விதான். அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டில் பொதுவாக எக்ஸ்ரேக்கு எழுதித் தருவது மருத்துவர்தான். பிரிட்டனில் நர்ஸ்களும் எழுதுகிறார்கள். அங்கே சிறு காயங்களுக்கென்று தனிப் பிரிவுகள் இருக்கின்றன. விழுந்து அடிபட்டு வருகிறவரை முதலிலிருந்து கடைசிவரை அனுபவமுள்ள ஒரு நர்ஸே பார்த்து, படம் தேவையென்றால் எழுதி, கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார். டாக்டருக்காக நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வெள்ளை உடுப்புப் போட்ட எல்லோருக்கும் அந்த உரிமை கிடைத்துவிடாது.

அங்கே இதற்கென்று சட்டமே இருக்கிறது. முதலில 2000ஆம் ஆண்டில் வந்தது. பிறகு திருத்தி எழுதப்பட்ட 2017ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் 2018 பிப்ரவரி 6 முதல் நடப்பில் உள்ளன. மருத்துவத்துக்காக மனித உடம்பில் கதிர்வீச்சுப் பாய்ச்சும் காரியத்தை அந்த விதிகள் மூன்று பேர் பொறுப்பாகப் பிரிக்கின்றன. படம் வேண்டும் என்று கேட்பவர் ஒருவர். அந்தப் படத்தால் கிடைக்கும் நன்மை அதன் தீங்கைவிடப் பெரிதா என்று எடைபோடுபவர் ஒருவர். படத்தை எடுப்பவர் ஒருவர். இந்த மூவருக்கும் மேலே, யார் எதைச் செய்யலாம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டிய மருத்துவமனை நிர்வாகம். நர்ஸ் வருவது முதல் இடத்தில். அவர் எழுதும் சீட்டு கட்டளையல்ல, வேண்டுகோள். விவரம் போதவில்லை என்றால் எக்ஸ்ரே பிரிவு அதைத் திருப்பி அனுப்பலாம். திருப்பி அனுப்பவும் செய்கிறார்கள். டாக்டர் எழுதினாலும் இதே கதைதான்.

நம் ஊரில் சீட்டைக் கொடுத்தால் படம், காசைக் கொடுத்தால் படம் என்று ஆகிவிட்டது. அதனால் இந்த ஒரு வித்தியாசத்தை எல்லோரும் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

கதிர்வீச்சு எவ்வளவு?

ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் 1895 நவம்பர் 8 அன்று ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். சில வாரங்களிலேயே தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். மோதிரத்தோடு விரல் எலும்புகள் தெரிந்தன. உலகமே வியந்தது. ஆபத்து யாருக்கும் தெரியவில்லை. எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி எக்ஸ் கதிர்க் குழாய்களைத் தம் கையிலேயே சோதித்துச் சோதித்து, புற்றுநோய் வந்து, கைகளை இழந்து, 1904இல் இறந்துபோனார். அதன்பிறகுதான் பயம் வந்தது.

இன்றைய கருவிகளில் அளவு மிகக் குறைவு. கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அளவில் சொல்வார்கள். எக்ஸ்ரேயே எடுக்காதவருக்கும் மண்ணிலிருந்து, காற்றிலிருந்து, ஆகாயத்திலிருந்து, சாப்பாட்டிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. இது உலகச் சராசரி. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை மணலின் தன்மையால் இதைவிடக் கூடுதல். மார்பு எக்ஸ்ரே ஒன்று ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட். அதாவது இயற்கை மூன்று நாளில் கொடுப்பதை ஒரு நொடியில் கொடுக்கிறது. விரலுக்கோ மணிக்கட்டுக்கோ எடுத்தால் அதிலும் மிகச் சொற்பம். இடுப்பு முதுகெலும்புக்கு எடுத்தால் சுமார் 1 மில்லிசீவர்ட், ஐந்து மாதக் கணக்கு. வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் என்றால் ஏறத்தாழ 10 மில்லிசீவர்ட். ஐநூறு மார்பு எக்ஸ்ரேக்கு அது ஒன்று சமம். எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் இரண்டிலும் இந்தக் கதிர்வீச்சு கிடையாது. "ஸ்கேன்" என்று மூன்றையும் ஒரே பெயரில் சொல்வதால் நம் வீடுகளில் பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல், பயப்பட வேண்டாததற்குப் பயப்படுகிறோம்.

நோயாளிக்கு இத்தனைதான் என்று உச்சவரம்பு எதையும் சட்டம் வைக்கவில்லை. உயிர் காக்க வேண்டியிருந்தால் எத்தனை தடவையும் எடுக்கத்தான் வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் "இது தேவையா?" என்ற கேள்வி முக்கியமாகிறது. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் அதிகம். வளரும் உடம்பு கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படும், அவர்களுக்கு முன்னால் இருக்கும் வருடங்களும் அதிகம்.

பயிற்சியில் என்ன?

பிரிட்டனில் எக்ஸ்ரே எழுதும் அனுமதி வேண்டும் என்கிற நர்ஸ் முதலில் மேலே சொன்ன சட்டத்தையும் கதிர்வீச்சின் தன்மையையும் படிக்கிறார். பிறகு தம் மருத்துவமனையின் எழுத்து வழிமுறைகளைப் படிக்கிறார். மூத்தவர் ஒருவர் மேற்பார்வையில் சில காலம் நோயாளிகளைப் பார்க்கிறார். அதன் பிறகே நிர்வாகம் அனுமதி எழுதிக் கொடுக்கும். அந்த அனுமதியிலும் எல்லை உண்டு. உதாரணத்துக்கு, முழங்கைக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும் மட்டும் என்றோ, இன்ன வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்றோ இருக்கும். வேறு மருத்துவமனைக்கு வேலை மாறினால் பழைய அனுமதி செல்லாது. அவர் எழுதிய சீட்டுகளை அவ்வப்போது எடுத்துப் பார்த்து, தேவையில்லாமல் எழுதியிருக்கிறாரா, தேவையானதை விட்டிருக்கிறாரா என்று கணக்கெடுப்பார்கள். இன்னொருவர் பெயரில் கையெழுத்துப் போடுவது, இன்னொருவர் கணினிக் கணக்கில் நுழைந்து எழுதுவது இரண்டும் பெரும் குற்றமாகக் கருதப்படும். நம் பக்கம் டாக்டர் கையெழுத்திட்ட வெற்றுச் சீட்டு மேசை அறையில் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

எப்போது எழுத வேண்டும் என்பதைக் கற்பதைவிட எப்போது வேண்டாம் என்று கற்பதுதான் கடினம். இதற்கு நல்ல உதாரணம் கணுக்கால். படியில் கால் பிசகிவிட்டது, வீங்கிவிட்டது. முன்பெல்லாம் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். பெரும்பாலோருக்கு எலும்பில் ஒன்றும் இருக்காது. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 1992இல் ஓர் எளிய விதியை வெளியிட்டார்கள். கணுக்காலின் வெளிக்குமிழ், உள்குமிழ் இரண்டின் பின் ஓரத்தையும் நுனியையும், கீழிருந்து 6 சென்டிமீட்டர் உயரம்வரை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பாதத்தில் சுண்டுவிரல் பக்கத்து நடு எலும்பின் அடியையும், உள்பக்கம் கணுக்காலுக்கு முன்னால் இருக்கும் படகு வடிவ எலும்பையும் அழுத்த வேண்டும். எலும்பின் மேலேயே வலி இல்லை, அடிபட்டபோதும் இப்போதும் நாலு அடி எடுத்து வைக்க முடிந்தது என்றால் படம் வேண்டாம். நொண்டி நொண்டி வைத்தாலும் நாலு அடிதான். இந்த விதியைப் பின்பற்றிய இடங்களில் கணுக்கால் எக்ஸ்ரே மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. எலும்பு முறிவு தவறிப்போவது மிக அரிது. இன்று உலகம் முழுவதும் நர்ஸ்கள் இதைக் கையாளுகிறார்கள்.

ஆனால் விதியை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. அது யாருக்குப் பொருந்தாது என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊருக்கு இது ரொம்பவே முக்கியம். பல வருடமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போயிருக்கும். எலும்பு முறிந்தும் வலி இல்லாமல் நடந்து வருவார். "நடக்கிறாரே, ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டால் கால் போய்விடும். அவருக்கு இந்த விதி செல்லாது. ஆகவே அடிபட்டுப் போகும்போது சர்க்கரை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதுகுவலி இதற்கு நேர் எதிர். காய்ச்சல் இல்லை, உடல் இளைக்கவில்லை, பெரிதாக விழவில்லை, புற்றுநோய் வந்தவரில்லை, கால் மரத்துப்போகவில்லை, சிறுநீர் தன்னை அறியாமல் போகவில்லை என்றால், வெறும் இடுப்புவலிக்கு எக்ஸ்ரே எடுத்து வைத்தியம் மாறப்போவதில்லை. நாற்பது வயதைத் தாண்டிய யாருக்கு எடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து "எலும்பு தேஞ்சுபோச்சாம்" என்று படுத்துவிடுகிறவர்கள் எத்தனை பேர்! படம் வேண்டாம் என்று சொல்லும் டாக்டரையோ சிஸ்டரையோ கஞ்சர் என்று நினைக்க வேண்டாம்.

கை என்றால் எந்தக் கை?

சீட்டில் மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: யாருக்கு, எந்த இடத்தில், எதற்காக.

யாருக்கு என்பதில் நம் சமுதாயத்தில் தனிச் சிக்கல் இருக்கிறது. ஒரு தெருவில் எத்தனை ஃபாத்திமா, எத்தனை கதீஜா, எத்தனை அப்துல் காதர்! தகப்பன் பெயரும் ஒன்றாக இருந்துவிடும். ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து, வீட்டில் கூப்பிடுவது வேறு பெயர். பிரிட்டனில் பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் ஒத்துப் பார்க்காமல் படம் எடுக்கக் கூடாது. அதிலும், "நீங்கதானே ஃபாத்திமா?" என்று கேட்கக் கூடாது, காது சரியாகக் கேட்காத பெரியம்மா எதற்கும் தலையாட்டிவிடுவார். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டு அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் பிறந்த தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெரியவர்களின் கைப்பையில் வைத்துவிடுவது நல்லது.

எந்த இடத்தில் என்பதற்கு வந்தால், நம் தமிழே கொஞ்சம் காலை வாரிவிடுகிறது. தோளிலிருந்து விரல் நுனிவரை எல்லாமே "கை". இடுப்பிலிருந்து பெருவிரல்வரை எல்லாமே "கால்". "காலு வலிக்குது" என்று நோயாளி சொல்ல, சீட்டில் "வலது கால்" என்று எழுத, எக்ஸ்ரே அறையில் முழங்காலை எடுக்க, வலி இருந்ததோ பாதத்தில். ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். சீட்டில் வலமா இடமா என்பதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். படம் எடுக்கும் முன் தொழில்நுட்பர் கேட்டால் மறுபடியும் தொட்டுக் காட்டுங்கள். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்கிறார்களே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அப்படிக் கேட்கும் இடம்தான் நல்ல இடம்.

எதற்காக என்பதில் "வலி" என்று மட்டும் எழுதினால் போதாது. கை ஊன்றி விழுந்தவருக்கு, கட்டைவிரலின் அடியில் உள்ள குழியில் அழுத்தினால் வலிக்கிறது என்று எழுதியிருந்தால், மணிக்கட்டின் சிறிய படகு எலும்புக்கென்று தனிக் கோணங்களில் படம் எடுப்பார்கள். அந்த எலும்பு முறிவு முதல் நாள் படத்தில் தெரியாமலும் போகலாம். அப்போதும் கட்டுப் போட்டு, பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி பார்ப்பதுதான் முறை. இது வீண் படம் அல்ல. எழுதியவர் படத்தோடு கைகழுவிவிடவும் முடியாது. அறிக்கை வந்ததா, அதில் என்ன சொல்லியிருக்கிறது, அடுத்து என்ன என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு.

தாய்மார்களிடம் கேட்கும் கேள்வி

"கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா? கடைசியாகக் குளித்தது எப்போது?" இந்தக் கேள்வியில்தான் நம் வீடுகளில் சண்டையே வருகிறது. கல்யாணமாகாத பெண்ணிடம் கேட்டுவிட்டார்கள் என்று உம்மா கோபப்படுவார். புதிதாகக் கல்யாணமான பெண், மாமி பக்கத்தில் நிற்பதால் "இல்லை" என்று சொல்லிவிடுவாள். அவளுக்கே சந்தேகம் இருக்கும்.

பிரிட்டனில் பொதுவாக 12 வயது முதல் 55 வயதுவரை உள்ள எல்லாப் பெண்களிடமும், நெஞ்சுக்குக் கீழிருந்து முழங்காலுக்கு மேல்வரை எடுக்கும் படங்களுக்கு இதைக் கேட்கிறார்கள். யாரையும் சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை. எல்லோரிடமும் கேட்பதால் யாருக்கும் அவமானமில்லை. தனியே அழைத்துக் கேட்க வேண்டும் என்பதும் பயிற்சியில் சொல்லித் தரப்படுகிறது. நம் ஊர் நிலையங்களிலும் பெண் ஊழியர் ஒருவர் தனியே கேட்கும்படி நாம் சொல்லலாம். உடன் போகும் பெரியவர்கள் அந்த இரண்டு நிமிடம் வெளியே நின்றால் போதும்.

இதைவிட முக்கியமான ஒன்று. கர்ப்பம் என்று தெரியாமல் எக்ஸ்ரே எடுத்துவிட்டோம், பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கலைக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மார்பு, பல், கை, கால் எக்ஸ்ரேக்களில் கதிர் கருவறைப் பக்கமே போவதில்லை. கருவுக்குக் கிடைப்பது மிகமிகச் சொற்பம். வயிற்றுப் படத்திலும் சாதாரண எக்ஸ்ரே ஒன்றிரண்டினால் அந்த அபாய அளவு வருவதில்லை. கருவுக்குக் கிடைத்த அளவு 100 மில்லிகிரேக்குக் குறைவாக இருந்தால், கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கர்ப்பத்தைக் கலைப்பதற்கு நியாயமில்லை என்பது சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலைப்பாடு. சாதாரண எக்ஸ்ரே எதுவும் அந்த அளவின் அருகில்கூட வராது. படத்தையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். பக்கத்து வீட்டில் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

வளைகுடாவுக்குக் கணவரிடம் போகும் பெண்களுக்கு விசா மருத்துவப் பரிசோதனையில் மார்பு எக்ஸ்ரே உண்டு. அங்கும் கர்ப்ப விவரத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். தேதி தள்ளிப்போகுமே என்று மறைப்பவர்கள் உண்டு.

குழந்தைக்குப் படம் எடுக்கும்போது யாராவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தால், கர்ப்பமாக இருக்கக்கூடிய தாய் பிடிக்க வேண்டாம். அத்தாவோ பாட்டியோ ஈயக் கவசம் போட்டுக்கொண்டு பிடிக்கட்டும். மார்புப் படத்துக்குப் போகும் பெண்கள் கருகமணி, ஊக்கு, உலோகக் கூட்டில் உள்ள தாயத்து, கல் பதித்த புர்கா எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். தடித்த பின்னல்கூட நுரையீரல் மேல் நிழலாக விழும். கழற்றாமல் எடுத்தால் மறுபடி எடுப்பார்கள். பெண் தொழில்நுட்பர் எந்த நேரத்தில் இருப்பார் என்று முன்னாடியே போன் போட்டுக் கேட்டுக்கொண்டு போனால் தர்மசங்கடம் இல்லை.

இத்தனையும் படித்துவிட்டு எக்ஸ்ரேயே வேண்டாம் என்று யாரும் ஓடிவிடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு என்றால் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் தேவை. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்கிறார்கள். மூன்று நாள் கதிர்வீச்சுக்குப் பயந்து காசநோயை வீட்டில் வைத்துக்கொண்டால் பேரப்பிள்ளைகளுக்கும் தொற்றும்.

எக்ஸ்ரே கருவி வைத்திருக்கும் நிலையம் எதுவானாலும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். அனுமதி இருக்கிறதா என்று கேட்கலாம், கேட்டால் அவர்கள் காட்ட வேண்டும்.

நமது மருத்துவ உதவி விண்ணப்பத்தில் இனி ஒரு கட்டம் சேர்க்கப்படுகிறது: "இதே இடத்துக்கு முன்பு எடுத்த படம், தேதி." படத்தை மடிக்காமல், வெயில் படாமல், பெரிய உறையில் போட்டு விண்ணப்பத்தோடு கொண்டு வாருங்கள். செல்போனில் எடுத்து அனுப்பும் போட்டோ டாக்டருக்குப் போதாது. உறை இல்லாதவர்கள் அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். வெளியே பெயர், பிறந்த தேதி, வலது அல்லது இடது, படம் எடுத்த தேதி ஆகியவற்றை எழுத இடம் விட்டு அச்சடித்து வைத்திருக்கிறோம்.